ஏரி தன் எல்லையைச் சொல்லும் காலம்

சஃபாரி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது ஆப்பிரிக்கப் புல்வெளியும், கூரை திறந்த ஜீப்பும், தொலைவில் நிற்கும் ஒட்டகச்சிவிங்கியும்தான். சுவாஹிலி மொழியில் அச்சொல்லுக்குப் பயணம் என்றுதான் பொருள். அரபியின் ‘சஃபர்’ என்பதிலிருந்து வந்தது. அந்தப் பொருளில், வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்களில் மறைமலை நகரிலிருந்து வேடந்தாங்கல் வரை எங்கள் பழைய காரை நாங்களே ஓட்டிக்கொண்டு போய்வருவதையும் சஃபாரி என்று அழைப்பதில் தவறில்லை என்று நினைக்கிறோம். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் பயணிகள் தம் சொந்த வண்டியிலேயே சுற்றி விலங்குகளைப் பார்க்கலாம். குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் கீழே இறங்கக்கூடாது. நம் முதுமலையில் வனத்துறையின் வண்டியில்தான் காட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிக்கரைச் சாலைகளுக்கு இப்படி எழுதப்பட்ட விதி எதுவும் கிடையாது. ஆனாலும் கீழே இறங்கக்கூடாது என்ற குரூகர் விதியை இங்கும் நாங்கள் கடைப்பிடிக்கிறோம். அங்கே சிங்கத்துக்காக; இங்கே மடையானுக்காக.

காரைக் கண்டு பறவைகள் அதிகம் அஞ்சுவதில்லை. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்த மறுகணம், அதுவரை மின்கம்பியில் அசையாமல் இருந்த பனங்காடை நீலச் சிறகை விரித்துப் பறந்துவிடும். ஆகவே எஞ்சினை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, புளியங்கொட்டை நிரப்பிய துணிப்பையைச் சன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்திக் காத்திருப்போம். அரிசிப் பையும் நன்றாகத்தான் தாங்கும். மழையில் நனைந்தால் ஊறிவிடும் என்பதால் புளியங்கொட்டை. ஒருவர் ஓட்டுவார், மற்றவர் படமெடுப்பார். திரும்பும் வழியில் இடம் மாற்றிக்கொள்வோம். வண்டியும் எங்கள் ஊரில் பிறந்ததுதான். ஃபோர்டு நிறுவனம் 2022-இல் இங்கே உற்பத்தியை நிறுத்திவிட்டது; வண்டி இன்னும் ஓடுகிறது.

மழைநாளில் என்ன படம் எடுக்க முடியும் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வெளிச்சம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் கொக்கும் நாரையும் கரண்டிவாயனும் வெண்ணிறப் பறவைகள். உச்சி வெயிலில் அவற்றின் இறகுகள் படத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். மேகம் மூடிய வானத்தின் கீழேதான் ஒவ்வொரு இறகின் நரம்பும் தெரிகிறது. மஞ்சள்மூக்கு நாரையின் வால்பக்க இறகுகளில் இருக்கும் ரோஜா நிறத்தை மழைநாள் ஒன்றில்தான் முதன்முதலில் சரியாகப் பார்த்தோம்.

சிங்கப்பெருமாள் கோயிலையும் பரனூரையும் கடந்தால் கொளவாய் ஏரி. ரயிலில் செங்கல்பட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் சன்னல் வழியே பார்த்திருக்கக்கூடிய நீர்ப்பரப்பு அது. கூழைக்கடாக்கள் அங்கே கப்பல்களைப் போல வரிசையாக மிதக்கும். பிறகு பாலாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பது, மழை நன்கு பெய்த ஆண்டுகளில் ஆறு என்ற பெயருக்கு மீளும். படாளம் கூட்டுச்சாலையில் நெடுஞ்சாலையை விட்டு வலப்புறம் திரும்பினால் இரு பக்கமும் நடவு முடிந்த வயல்கள். எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நேராகப் போனால் ஒரு மணி நேரம். நாங்கள் போவதுபோல் போனால் அரை நாள்.

வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். நம் மாவட்டத்துப் பெரிய ஏரிகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. தாங்கல் என்ற சொல்லுக்கே சிறிய ஏரி என்று பொருள். வேடனின் தாங்கல் என்று பெயர் பெற்ற இடத்தில் வேட்டை நின்றுபோனதன் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1790-களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, இனி யாரும் இங்கே சுடக்கூடாது என்று ஒரு கவுல் வாங்கினார்கள். மதுராந்தகத்து ஏரி காத்த ராமர் கதையில், மழை இரவில் கரையைப் பார்க்கப்போய் வில்லேந்திய இருவரைக் கண்டதாகச் சொல்லப்படும் அதே துரைதான் இவர். கவுல் என்பதும் அரபிச் சொல்லே. கொடுத்த வாக்கு என்பது அதன் மூலப் பொருள்.

ஊரார் அந்த வாக்கைக் கேட்டதற்குப் பறவைகள்மீது கொண்ட பரிவு மட்டும் காரணமன்று. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் நீரில் கலக்கிறது. அந்த நீர் மதகு வழியே வயலுக்குப் பாயும்போது உரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. பயிரிடுகிறவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அதைக் காக்க ஒரு தாளும் தேவை என்பதும் தெரிந்திருந்தது.

நாங்கள் முதல் சில ஆண்டுகள் எல்லோரையும்போல ஏரிக்கரைக்கு நேரே போய், கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி, கூடுகளைப் படமெடுத்துத் திரும்பினோம். வழியில் நிற்கத் தொடங்கியது பின்னால்தான். ஒரு நவம்பர் காலை, தூறலில், சாலையோர வயலில் நத்தைகுத்தி நாரைகள் இருபதுக்குமேல் மேய்ந்துகொண்டிருந்தன. கோணிச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வரப்பில் வந்த பெரியவர் ஒருவர் காரின் அருகே நின்றார்.

“இன்னா சார், ஏரிக்கு வழி தெரியலையா? நேராப் போங்க.”

“இல்லீங்கய்யா, இதுங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்.”

அவர் நாரைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “ஏரியில அதுங்களுக்கு வூடு சார். சாப்பாடு இங்கதான். மருந்து அடிச்சா நத்தை செத்துப்பூடும். நத்தை இல்லன்னா இதுங்க எதுக்கு வருது?” என்று சொல்லிவிட்டு, மடையைத் திறக்கப் போய்விட்டார்.

நத்தைகுத்தி என்ற பெயரிலேயே அந்தப் பறவையின் வாழ்க்கை இருக்கிறது. வளர்ந்த பறவையின் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். நத்தையைப் பிடிக்க உதவும் அலகு அது. குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உண்டாகிறது. வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டவரின் பெயரைத் தாங்கிய ஊரில் வசிப்பவர்கள் நாங்கள். எந்த அறிஞர் குழுவும் கூடாமல், வயலில் நின்றவர்கள் பார்த்து வைத்த இப்படியொரு பெயரைக் கேட்கும்போது எங்களுக்குத் தனி மகிழ்ச்சி உண்டாகிறது.

பெரியவர் சொன்ன பிறகு எங்கள் கண் மாறியது. வேடந்தாங்கலில் கூடு கட்டும் நாரையும் கூழைக்கடாவும் அந்த 30 ஹெக்டேரில் மட்டும் இரை தேடிக் குஞ்சுகளை வளர்த்துவிட முடியாது. சுற்றியுள்ள ஏரிகள், தாங்கல்கள், வயல்கள், கால்வாய்கள் எல்லாவற்றிலிருந்தும் மீனும் நத்தையும் தவளையும் அங்கே போய்ச் சேர வேண்டும். 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டதன் நியாயம் இதுவே. 2020-இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் யோசனை எழுந்தபோது, ஏரிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லையே, சுற்றியுள்ள நிலத்துக்கு எதற்கு இத்தனை கவலை என்று கேட்டவர்களை நாங்கள் அறிவோம். வீட்டை விட்டுவைத்து அடுப்பை அணைக்கலாம் என்கிற வாதம் அது. 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும், தாம்பரத்துக்குக் கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. நல்ல செய்திதான். ஆனால் இந்தப் புள்ளிகளுக்கு இடையில் கிடக்கும் பெயரற்ற ஏரிகளுக்கு எந்தப் பட்டியலும் இல்லை.

அப்படி ஒன்று எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருக்கிறது. கோடையில் அது ஒரு மைதானம். பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், ஓட்டுநர் பயிற்சிக் கார்கள் எட்டுப் போடும். ஏரியின் உள்வாயில் ஒரு பக்கம் கட்டட இடிபாடுகள் லாரி லாரியாகக் கொட்டப்பட்டு மேடாகியிருக்கின்றன. மே மாதத்தில் ஒருவர் அந்த மேட்டில் நின்று, இது ஏரியே இல்லை என்று சத்தியம் செய்தால் மறுப்பது கடினம். நவம்பரில் அவரால் அதைச் சொல்ல முடியாது. நீர் தன் பழைய கரையைத் தேடி வந்துவிடும். நீர் வந்த மூன்றாம் நாள் முக்குளிப்பானும், பிறகு நாமக்கோழிகளும், வடக்கிலிருந்து வந்த நீலச்சிறகிகளும், எங்கிருந்தோ நெடுங்கால் உள்ளான்களும் வந்து அதை உறுதிசெய்யும். மழைக்காலத்தில்தான் ஏரி தன் எல்லையைச் சொல்கிறது. 2015 டிசம்பரில் அது எத்தனை உரத்துச் சொன்னது என்பதைத் தாம்பரம், முடிச்சூர் பக்கத்து நண்பர்களிடம் கேட்டால் தெரியும்.

காட்டுயிர்ப் படம் என்றால் பின்னணி மங்கிய, பறவையின் கண் மட்டும் துல்லியமாகத் தெரியும் படம் என்று ஆகிவிட்டது. நாங்களும் அத்தகைய படங்களை விரும்புகிறவர்களே. ஆனால் அப்படியொரு படத்தைப் பார்த்து அந்தப் பறவை எங்கே நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே இப்போது ஒவ்வொரு இடத்திலும் லென்ஸை மாற்றி இரண்டாவது படம் ஒன்று எடுக்கிறோம். அதில் பறவை சிறியதாக இருக்கும். பின்னால் மின்கம்பம், மனைப்பிரிவின் விளம்பரப் பலகை, புதிய அடுக்குமாடி, கலங்கலில் வழியும் நீர் எல்லாம் இருக்கும். கீழே தேதியும் இடமும் எழுதி வைக்கிறோம். அழகான படங்கள் என்று இவற்றை யாரும் சொல்ல மாட்டார்கள். இவை எங்கள் கவுல்.

மா. கிருஷ்ணனை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அ. மாதவையாவின் மகன். தாமே சேர்த்து உருவாக்கிய காமிராவைச் சுமந்து, கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்தவர். 1950 முதல் 1996-இல் தாம் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் பத்தி எழுதிவந்தார்; அதில் யானைக்குக் கிடைத்த அதே கவனம் காக்கைக்கும் கிடைத்தது. அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில் 2002-இல் வெளிவந்த நூலை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். அறியாதவர்கள் இந்த மழைக்காலத்தில் தேடிப் படிக்கலாம்.

2015 முதல் ஒவ்வொரு பொங்கலையும் ஒட்டித் தமிழகம் முழுவதும் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி எழுதினால் போதும்; காமிரா தேவையில்லை, காரும் தேவையில்லை. அந்த நாட்களில் நாங்கள் வேடந்தாங்கலுக்குப் போவதில்லை. அங்கே எண்ணுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு எங்கள் ஏரிக்கு நடக்கிறோம். சென்ற முறை நாமக்கோழி 64, நத்தைகுத்தி நாரை 3. அதற்கு முந்தைய ஆண்டு நாரைகள் 11. குறைந்த எண்ணையும் எழுதத்தான் வேண்டும். உங்கள் தெருக்கோடியிலும் இப்படி ஓர் ஏரி இருக்கக்கூடும். மழை விட்ட ஒரு காலையில் போய்ப் பாருங்கள். நீர் எதுவரை வந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.