கையைக் கட்டிக்கொள்ளக் கற்றேன்!

"எங்கே வேலை பார்க்கறீங்க?" என்று யாராவது கேட்டால், "பள்ளிக்கூடத்திலே" என்பேன். "டீச்சரா?" "இல்லீங்க, உதவியாள்." "ஓ... ஆயாவா!" அத்துடன் பேச்சு முடிந்துவிடும். எனக்குக் கோபம் வராது. முதல் மூன்று மாதம் நானே அப்படித்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்!

என் பிள்ளைகள் வளர்ந்து பெரிய வகுப்புக்குப் போன பிறகு, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் இந்த வேலையில் சேர்ந்தேன். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். சின்னு என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு மூளை முடக்குவாதம். பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த புதிதிலோ மூளைக்கு ஏற்படும் பாதிப்பால் கை கால்கள் சொன்னபடி கேட்பதில்லை. இது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. கை கோணலாக இருப்பதால் அறிவும் குறைவு என்று அர்த்தமும் இல்லை. சின்னுவுக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு!

அவன் கூடவே இருப்பதுதான் என் வேலை. பெற்ற மனசு சும்மா இருக்குமா? பையைத் தூக்கினேன். அவன் கையைப் பிடித்து எழுதினேன். சோறு ஊட்டினேன். டீச்சர் கேள்வி கேட்டால், அவன் வாய் திறப்பதற்குள் நானே பதிலும் சொன்னேன்! "நீங்க வந்தப்புறம்தான் நிம்மதியா இருக்கேன் அக்கா" என்றாள் அவன் அம்மா. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஒரு சமயம் காய்ச்சல் வந்து இரண்டு நாள் லீவு போட்டேன். 'பாவம், பிள்ளை பட்டினி கிடப்பானே' என்று படுக்கையில் புரண்டேன். மூன்றாம் நாள் விழுந்தடித்து ஓடினால், பக்கத்தில் உட்காரும் சிறுமி சொல்கிறாள்: "ஆன்ட்டி, சின்னு தானே சாப்பிட்டான்! நான் மூடி மட்டும் திறந்து குடுத்தேன். பாதி கொட்டிட்டான். ஆனா எங்ககூட நிறைய பேசினான்!"

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது.

வாரம் ஒருமுறை வரும் சிறப்பாசிரியையிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க நல்லாத்தான் பாத்துக்கறீங்கம்மா. ஆனா நீங்க பக்கத்திலே இருக்கறவரைக்கும் மத்த பிள்ளைங்க அவன்கிட்டே வர்றதே இல்லை. கவனிச்சீங்களா?" என்றார்.

சுரீரென்றது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுவரையிலான குழந்தைகள் அருகிலுள்ள பள்ளியிலேயே இலவசமாகப் படிக்க, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வழி செய்திருக்கிறது. சட்டம் அவனுக்கு வகுப்பில் ஓர் இடம் கொடுத்தது. அவனுக்கும் வகுப்புக்கும் நடுவே சுவராக நான் அல்லவா உட்கார்ந்திருந்தேன்!

அன்றிலிருந்து அவர் சொன்னபடி செய்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, கால் தொங்காமல் கீழே ஒரு பலகை போட்டேன். தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. பிடி வசப்பட, ஸ்பூன் காம்பிலும் பென்சிலிலும் துணியைத் தடிமனாகச் சுற்றினேன். கேள்வி கேட்டால் மனசுக்குள் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிவிட்டு, அப்புறமும் அவன் என்னைப் பார்த்தால் மட்டும் வாயைத் திறப்பேன். அந்தப் பத்து எண்ணுவதற்குள் என் உயிர் போய்விடும்! (விழுங்கச் சிரமப்படும் குழந்தைகள் விஷயத்தில் மட்டும், டாக்டரைக் கேட்காமல் உணவு முறையை மாற்றாதீர்கள். புரை ஏறிவிடும்.)

சட்டையெல்லாம் தயிர்சாதமாக வீட்டுக்குப் போனான் சின்னு. மறுநாள் அவன் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னக்கா, கண்டுக்கவே மாட்டேங்கறீங்க? ஊட்டறதுக்குத்தானே இருக்கீங்க?" என்று கண் கலங்கினாள். அவளைக் குறை சொல்வேனா? மூன்று மாதம் முன்பு நானும் அதே கட்சிதானே! "ஒரு மாசம் பொறுத்துக்கம்மா. தினம் ஒரு சட்டை கூடுதலா குடுத்தனுப்பு, நானே மாத்தி விடறேன்" என்றேன். அரைமனசாகத் தலையசைத்தாள்.

ஒரு மாதத்தில் கொட்டுவது நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. ஒருநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் நான் நாற்காலியை இழுத்தேன். சின்னு திக்கித் திணறி, "நீங்க... அங்கே... உக்காருங்க ஆன்ட்டி. இது ஃப்ரெண்ட்ஸ் இடம்" என்றான். வேலை போனால் வருத்தப்படுவார்கள்; எனக்கோ ஆனந்தக் கண்ணீர். சாயங்காலம் அவன் அம்மாவிடம் சொன்னபோது, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதுவும் பேசவில்லை.

இது சின்னு வீட்டுக் கதை மட்டும்தானா? நம் வீடுகளில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஓடி ஓடி ஊட்டுகிறோம்; பத்து வயதுப் பெண்ணுக்குப் பை அடுக்கிக் கொடுக்கிறோம். அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாளைக்குக் காலையில், கை நீளும்போது, பத்துவரை எண்ணிப் பாருங்களேன்!