என்னுடையதும் எங்களுடையதும்

தன்மை, முன்னிலை, படர்க்கை என இலக்கணத்தில் இடம் மூன்று. வகுப்பறையில் பல்லாண்டுகள் இதனைக் கற்பித்த எனக்கு, லூக்கா நற்செய்தியில் இயேசுபிரான் கூறிய செல்வந்தன் கதையைப் படிக்கும்போதெல்லாம், அவன் பேச்சின் இலக்கணமே முதலில் கண்ணிற்படும்.

அவன் கள்வனென்றோ வஞ்சகனென்றோ கதை கூறவில்லை. நிலம் நன்கு விளைந்தது, களஞ்சியம் போதவில்லை, இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணினான். இதில் குற்றம் யாது? அவன் பேச்சில் விளைச்சலும் தனது, களஞ்சியமும் தனது. உழைத்த கூலியாளுக்கு அங்கே இடமில்லை. அண்டை வீட்டானுக்கும் இடமில்லை. மழை தந்த இறைவனுக்கும் இடமில்லை. முன்னிலையாக அவன் விளித்ததும் தன் ஆன்மாவையே! அன்றிரவே உயிர் திரும்பக் கேட்கப்படும் என்ற இறைவனின் குரலே அவன் கேட்ட முதற் பிறர்குரல்.

பணம் தீயதன்று. பவுலடிகள் தீமோத்தேயுவுக்கு வரைந்த மடலிலும் பழி பணத்தின்மேல் விழவில்லை. பண ஆசையின்மேலேயே விழுகின்றது. அவ்வாசை மனிதனைத் தன்மை ஒருமைக்குள் அடைத்துவிடுகின்றது. அதுவே ஆன்மாவுக்கு நேரும் கேடு.

தந்தையின் சொத்தைப் பங்கிட்டுத் தருமாறு தன் சகோதரனுக்குச் சொல்லும்படி ஒருவன் இயேசுவிடம் வேண்டியபோதே இக்கதை பிறந்தது. அவ்வழக்கு இன்றும் ஓயவில்லை. தந்தையார் விட்டுச்சென்ற வீட்டிற்காகவும் சேமநிதிப் பணத்திற்காகவும் உடன்பிறந்தோர் பகைத்துக்கொள்ள, அவர்தம் பிள்ளைகள் ஒரே வகுப்பில் முகம்பாராது அமர்ந்திருந்ததை நான் கண்டிருக்கின்றேன். பங்கு இருவருக்கும் கிடைத்திருக்கலாம். அண்ணன் தம்பி என்னும் உறவு எவருக்கும் கிடைக்கவில்லை.

இயேசு கற்பித்த செபத்திலோ தன்மை ஒருமைச் சொல் ஒன்றேனும் இல்லை. தந்தையும் எங்கள் தந்தை. உணவும் எங்கள் உணவு. அதுவும் அன்றன்றைக்கு வேண்டிய அளவே.

இப்பன்மையின் ஆற்றலை நம் மண்ணும் கண்டதுண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்மரம் வெட்டிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தன, தோட்டங்களை வாங்கின. அங்கே பணம் பணியாளாய் நின்றது. எசமானாய் ஏறி அமரவில்லை.

சமயம் எதுவாயினும் ஒரு சோதனை நமக்குப் பொதுவானது. இன்று நம் வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசும்போது, ‘என்’ எத்தனை முறை வந்தது, ‘எங்கள்’ எத்தனை முறை வந்தது என எண்ணிப் பார்ப்போமாக.