இடப்பக்கமும் வலப்பக்கமும்



நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் நேபாளத் தலைநகர் காத்மாண்டுவில் வணிகம் செய்து வருகிறார். அவருடைய அழைப்பின் பேரில் நாமும் துணைவியாரும் அங்கே சென்றிருந்தோம். இமயமலைத் தொடரை வானிலிருந்து காட்டும் விமானத்திற்கு அவரே சீட்டெடுத்துத் தந்தார்.

கண்டாகர் அருகிலுள்ள ஜாமிஆ மஸ்ஜிதில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு விமான நிலையம் சென்றோம். பொழுது ஏற ஏற மேகம் திரண்டு சிகரங்களை மறைத்துவிடும் என்பதால் இவ்விமானங்கள் காலையிலேயே புறப்படுகின்றன. ஏறத்தாழ ஒரு மணி நேரம் பறந்து, வேறெங்கும் இறங்காமல், புறப்பட்ட இடத்திற்கே திரும்புகின்றன. ஒவ்வொருவருக்கும் சன்னலோர இருக்கை. துணைவியாருக்கு இடப்பக்கம் கிடைத்தது, நமக்கு வலப்பக்கம்.

விமானம் கிழக்கு நோக்கிச் செல்கையில் மலைத்தொடர் வடக்கே, அதாவது இடப்பக்கம் அமைகிறது. கௌரிசங்கர், சோ ஓயு என்று பணிப்பெண் சிகரங்களைச் சுட்டிக்காட்ட, அப்பக்கத்தார் வியந்து நின்றனர். நமது சன்னலில் பசுங்குன்றுகளும் மூடுபனியுமே தெரிந்தன. துணைவியார் திரும்பி, “என்னங்க, இங்கே வந்து பாருங்களேன்” என்று அழைத்தார். கேட்டும் கேளாதவர்போல் இருந்துவிட்டோம். நல்ல இடம் நமக்கு வாய்க்கவில்லையே என்ற குமைச்சல்! ஸப்ரைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தியவர்க்கு அரை மணி நேரம் பொறுக்க இயலவில்லை.

பிறகு விமானம் திரும்பியது. வந்த வழியே திரும்பும் என்பதை நாம் அறிந்தேயிருந்தோம். மனக்கசப்பில் அது நினைவுக்கு வரவில்லை. இப்போது மலைகள் யாவும் நம் பக்கம். 8,848.86 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட், இளவெயிலில் கரும்பாறையும் வெண்பனியுமாக நின்றது. விமானத்தில் பறந்தும் அதன் உச்சி நமக்கு மேலேயே இருந்தது. செருக்கைத் தடுத்து, மலைகளின் உயரத்தை மனிதன் எட்ட முடியாததை நினைவூட்டும் சூரா அல்இஸ்ராவின் 37ஆம் வசனம் நெஞ்சில் எழுந்தது. கண்கள் கலங்கின. முகத்தைச் சன்னலிலிருந்து எடுக்கவே இல்லை.

தரையிறங்கியபோது துணைவியார் கேட்டார்: “உங்களுக்கும் நல்லாத் தெரிஞ்சுதா? அல்ஹம்துலில்லாஹ். உங்களுக்குக் கிடைக்காமப் போயிடுமோன்னுதான் துஆ செஞ்சுக்கிட்டே வந்தேன்.”

அவ்வார்த்தை நம்மைக் குத்தியது. திரும்பும் வழி நெடுக அவருடைய சன்னலில் வெறுங்குன்றுகளே இருந்தன. ஒரு தடவையாவது அவரை நாம் அழைக்கவில்லை. அந்த வசனத்தை நினைத்துக் கண்கலங்கிய வேளையிலும் அழைக்கவில்லை. தங்குமிடம் வந்ததும் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

சகோதரர்களே, இல்லாதபோது பொறாமையும் கிடைத்தபோது மறதியும் நம்மைப் பற்றிக்கொள்ளாதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.