பேச்சு போன பிறகும் பாடம் நடந்தது

எங்கள் அரிமளம் பக்கம் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம்தான். அதை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். புதுக்கோட்டை கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை தன் மகனாகவே ஏற்றுக்கொண்ட மனிதர்.

1918இல் மதுரையில் சிறுவர்களுக்கென்றே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அங்கே வந்து சேர்ந்த சின்னப் பையன் டி.கே. ஷண்முகத்துக்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார்.

பிறகு பக்கவாதம் வந்து அவர் பேச்சைப் பறித்தது. ஆனாலும் அவர் எழுதிய வசனங்களைப் பிள்ளைகள் மேடையில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை இரண்டு. சின்னப் பிள்ளைதானே என்று கற்றுக்கொடுப்பதில் குறை வைக்கக் கூடாது. தெரிந்ததையெல்லாம் நாக்கில் தெம்பு இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும்.

உங்களை ஆளாக்கிய வாத்தியார் யாராவது உடம்பு முடியாமல் கிடக்கிறாரா? இந்த வாரமே போய்ப் பாருங்கள். பழம் வாங்கிப் போவது இருக்கட்டும். அவர் சொல்லிக்கொடுத்தது இன்றைக்கு உங்களுக்கு எப்படிச் சோறு போடுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.