கடல் நடுவே சேறும் தராசும்

மும்பையிலிருந்து சென்னைக்கு ரயிலேறும் நாம், கடப்பைக்குப் பின் ஓபுலவாரிபள்ளி நிலையத்தைக் கடக்கிறோம். அதனருகே மங்கம்பேட்டையில் பாரைட் என்னும் கனத்த கல்லை வெட்டியெடுக்கின்றனர். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடையுள்ளது. அதே அளவு பாரைட்டோ நான்கு கிலோவுக்கு மேல். எண்ணெய்க் கிணறு தோண்டுவோர் வேண்டுவது இக்கனத்தையே.

மும்பைக்கு மேற்கே சுமார் 160 கி.மீ. தொலைவில், 1974-இல் 'சாகர் சாம்ராட்' கலம் எண்ணெய் கண்ட மும்பை ஹை உள்ளது. இத்தகைய கடற்கிணறுகளில் துளையிடுகையில், நீரும் பென்டோனைட் களிமண்ணும் பாரைட் தூளும் கலந்த சேற்றைக் குழாய்வழியே செலுத்துகின்றனர். அது துளைமுனையைக் குளிர்வித்து, கல்துகள்களை மேலே கொணர்கிறது. சல்லடையில் துகள் நீங்கியபின் மீண்டும் உள்ளே செல்கிறது. உப்புநீரில் பென்டோனைட் நன்கு ஊறாது. ஆதலால் முதலில் நன்னீரில் ஊறவைப்பர்.

யாவற்றினும் முக்கியம் எடையே. சேறு இலேசானால், பாறையில் அடங்கிய எரிவாயு சீறியெழும். தீப்பற்றினால் மேடையிலுள்ளோர் உயிருக்கே ஆபத்து. சேறு மிகக் கனத்தாலோ, பாறை பிளந்து அதனை உறிஞ்சிக்கொள்ளும்; துளையில் சேற்றின் மட்டம் தாழ, அப்போதும் வாயு எழ வழியுண்டு. ஆகவே இரவுபகலாகச் சேற்றை முகந்து தராசில் நிறுத்துப் பார்க்கின்றனர். தொட்டியில் அதன் அளவு கூடுகிறதா, குறைகிறதா என்றும் கண்காணிக்கின்றனர்.

முறைப்பணிக்காகக் கடலேறுவோரின் இல்லத்தார் பெரிதும் அஞ்சுவது புயலுக்கே. அவர்களை நலமாக வீடு சேர்ப்பதில் அச்சிறு தராசுக்கும் பங்குண்டு என்பதை அன்பர்கள் அறிதல் நன்று.