எது தேசியப் போட்டி?

அமெரிக்காவில் குடியேறிய நண்பர் ஒருவர் அண்மையில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவருடைய மகள் உயர்நிலைப் பள்ளியில் நகர்வல ஓட்டக்காரி. அந்நாட்டு மாணவர் ஓட்டத்தில் இரண்டு பெரும் போட்டிகள் 'தேசிய' என்ற பெயருக்கு உரிமை கோரி வந்ததாகவும், அவற்றுள் எது பெரிது என்று பிள்ளைகளுக்குள் ஓயாத வாதம் நடப்பதாகவும் எழுதியிருந்தார். 'இத்தனை காலம் விளையாட்டுப் பக்கத்துக்கு எழுதியவர் நீங்கள். தீர்ப்புச் சொல்லுங்கள்' என்று முடித்திருந்தார்.

அவருக்கு நான்கு வரியில் பதில் அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. காரணம், இதே கேள்வி எங்கள் சப்பிரகமுவா மாகாணத் தோட்டங்களிலும் உண்டு. அங்கே அது வாதமாக இல்லை. ஒரு பிள்ளையின் பேருந்துக் கட்டணமாக இருக்கிறது.

முதலில் அமெரிக்கக் கதை. அங்கே உயர்நிலைப் பள்ளிகளின் கூட்டமைப்பு தேசியப் போட்டி நடத்துவதில்லை. மாநிலச் சம்பியனோடு பள்ளிப் பருவம் முடிந்துவிடும். அந்த வெற்றிடத்தைச் சப்பாத்து வணிகர்கள் நிரப்பினர். 1979இல் கின்னி என்ற சப்பாத்துக் கடை நிறுவனத்தின் பெயரில் ஒரு போட்டி தொடங்கியது. பின்னாளில் அது ஃபுட் லொக்கர் போட்டி என்று புகழ்பெற்றது. நாட்டை நான்கு பிராந்தியங்களாகப் பிரித்து, பிராந்தியத்துக்குப் பத்துப் பேராக நாற்பது ஆண்களையும் நாற்பது பெண்களையும் இறுதி ஓட்டத்துக்கு அழைத்தனர். தனி மனிதருக்கான மேடை அது. எரித்திரியாவிலிருந்து அகதியாக வந்து சான் டியேகோவில் வளர்ந்த மெப் கெஃப்லெசிகி 1993இல் அங்கே இரண்டாமிடம் பெற்றார். அவரே 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மரதனில் வெள்ளி வென்றார். 2014இல் பொஸ்டன் மரதனிலும் முதலாவதாக வந்தார்.

2004இல் நைக் நிறுவனம் ஒரேகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் மற்றொரு போட்டியைத் தொடங்கியது. இது அணிகளுக்கான போட்டி. தனி வீரர்களுக்கும் பின்னர் இடம் தரப்பட்டது. பள்ளியின் பெயரில் ஓட விதிகள் இடம்தராததால், அதே பள்ளியின் பிள்ளைகள் கழகம் ஒன்றின் பெயரைப் பூண்டு ஓடினர். இரண்டும் டிசம்பர் மாதத்தில் ஏறத்தாழ ஒரு வார இடைவெளியில் நடந்துவந்தமையால், நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரர்கள் ஒரே கோட்டில் நிற்பது அரிதாயிற்று. வாதம் பிறந்தது அதனாற்றான்.

நகர்வல ஓட்டத்தை அறியாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். புல்வெளி, சேறு, மேடு, பள்ளம் என்று இயற்கை நிலத்தில் ஓடும் நெடுந்தூர ஓட்டம் இது. நகரத்தைத் தவிர்த்து ஓடும் ஓட்டத்துக்கு இலங்கைத் தமிழில் 'நகர்வல ஓட்டம்' என்று பெயர் வைத்துவிட்டோம், பெயர் நிலைத்தும்விட்டது. அணிக் கணக்கு எளிது. அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். முதல் ஐவர் பெற்ற இடங்களைக் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகை பெற்ற அணி வெல்லும். ஒரு நட்சத்திரம் இருந்து பயனில்லை. ஐந்தாவது பிள்ளை எங்கே வருகிறது என்பதிலேயே வெற்றி தங்கியிருக்கிறது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இனி இலங்கைக்கு வருவோம். எங்கள் பாடசாலை மெய்வல்லுநர் துறையிலும் இரண்டு பெரும் போட்டிகள் உள்ளன. ஒன்று, கல்வியமைச்சு நடத்தும் அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டு விழா. மற்றையது, இலங்கைப் பாடசாலைகள் மெய்வல்லுநர் சங்கம் நடத்தும் சேர் ஜோன் டாபட் சம்பியன்ஷிப். முன்னது அரச விழா. பின்னதன் பெயரிலேயே பிரித்தானியர் காலத்து வாசனை வீசும்; அண்மைக் காலத்தில் பல ஆண்டுகள் ரிட்ஸ்பரி சொக்கலேட்டின் அனுசரணையோடு நடந்தது. அமெரிக்காவில் சப்பாத்து, இங்கே சொக்கலேட்.

கொழும்பிலும் கண்டியிலும் உள்ள பெரிய பாடசாலைகளுக்கு இவை இரண்டும் ஒரே பருவத்தின் இரண்டு படிகள். ஒன்றில் உடம்பைச் சோதித்து மற்றொன்றில் பதக்கம் வெல்வார்கள். இரண்டிலும் ஒரே முகங்களைக் காணலாம். விளையாட்டுச் செய்தியாளனாகச் சுகததாச அரங்கின் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து எழுதிய ஆண்டுகளில் எனக்கும் அவை அப்படியே தெரிந்தன. முடிவுக் கோட்டில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். வேறுபாடு வாசலில் இருக்கிறது.

அரச விழாவுக்கு வாசல் கீழே, வலயத்தில் திறக்கிறது. வலயத்தில் வென்ற பிள்ளை மாகாணத்துக்குப் போகும். மாகாணத்தில் வென்ற பிள்ளை தேசிய மட்டத்துக்குப் போகும். இப்படிகளைத் தாண்டிய பிள்ளை எந்தப் பாடசாலையிலிருந்து வந்தாலும் தன் மாகாணத்தின் பிள்ளை. டாபட் போட்டிக்கு அப்படியன்று. போட்டி நடப்பதை அறிந்து, படிவம் நிரப்பி, உரிய நாளுக்குள் அனுப்பி, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகும் ஆற்றல் பாடசாலைக்கு இருக்கவேண்டும். ஆற்றல் என்று நான் சொல்வது பணத்தை மட்டுமன்று. தொலைபேசியை எடுத்துப் பேச ஒரு பொறுப்பாசிரியர், அவருக்கு விடுப்புத் தர ஓர் அதிபர், தங்க ஓர் இடம் ஆகிய மூன்றும் வேண்டும்.

சப்பிரகமுவா என்பது இரத்தினபுரி, கேகாலை என்ற இரண்டு மாவட்டங்கள். மலையகம் என்றதும் வெளிநாட்டு வாசகர் நினைவில் எழுவது நுவரெலியாவின் குளிரும் தேயிலையும். இங்கே மண் தாழ்ந்தது, மழை மிகுந்தது. தேயிலையோடு இரப்பரும் உண்டு. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை என்று தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக்கிடக்கின்றன. நுவரெலியாவில் தமிழ்ப் பாடசாலைக்குப் பக்கத்திலேயே மற்றொரு தமிழ்ப் பாடசாலை இருக்கும். இங்கே அடுத்த தமிழ்ப் பாடசாலைக்குப் பல மைல் போகவேண்டும். 1977 தொடக்கம் அரசு பொறுப்பேற்ற தோட்டப் பாடசாலைகளுள் பல இன்னும் சிறிய பாடசாலைகளே. மைதானம் என்று ஒன்று இருந்தால் அது தோட்டத்து மைதானம். கோயில் திருவிழாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் தொழிற்சங்கக் கூட்டத்துக்கும் அதுவே இடம்.

ஆனால் ஓடுவதற்கு அங்கே குறைவில்லை. இரப்பர் பால் வெட்டுவோர் விடியும் முன்னரே மலைக்குப் போகவேண்டும். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு வடியும். தாயும் தகப்பனும் போனபின் தம்பி தங்கையரை ஆயத்தப்படுத்திவிட்டு, லயத்திலிருந்து பாடசாலைக்குக் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடும் பிள்ளைகள் அவர்கள். மாலையில் அதே மேட்டில் ஏறவேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் எந்தப் பாடசாலையிலும் ஒரு 'மரதன்' ஓட்டம் நடக்கும். ஐந்தாறு கிலோமீற்றர் ஓடினாலும் எங்களுக்கு அது மரதன்தான். எட்டியாந்தோட்டைப் பக்கத்து இரப்பர்த் தோட்டமொன்றில் வளர்ந்த நானும் அதில் ஓடியிருக்கிறேன். எனக்கு முன்னால் ஓடி முடித்தவர்கள் பலர். அவர்களுள் மாகாண மட்டத்தை எட்டிய எவரையும் நான் அறியேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இரப்பர்க் காட்டுக்கு நடுவேயுள்ள ஒரு தமிழ்ப் பாடசாலைக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். உடற்கல்விக்குத் தனி ஆசிரியர் இல்லை. கணிதம் கற்பிக்கும் இளைஞர் ஒருவரே மாலையில் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். நன்றாக ஓடக்கூடியவர்கள் நால்வர். அவருடைய மேசை இழுப்பறையில் இரண்டு போட்டிகளின் தாள்களும் இருந்தன. ஒரு சுற்றறிக்கை சிங்களத்தில் மட்டும் வந்திருந்தது. அதை நகரத்துக் கடைக்காரர் ஒருவரைக்கொண்டு வாசித்து அறிந்ததாகச் சொன்னார். "சேர், இரண்டுக்கும் போகக் காசில்லை. எதை விட்டால் பிள்ளைகளுக்கு நட்டம் குறைவு?" என்று கேட்டார்.

தோட்டத்து நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவானது 2021இல்; 1,350 ரூபாவானது 2024இல். கொழும்பிலிருந்து இரத்தினபுரி ஏறத்தாழ நூறு கிலோமீற்றர்; பலாங்கொடை அதற்கும் அப்பால். பிள்ளையுடன் தாயோ தகப்பனோ போனால் அவர்களுடைய 'பேர்' இரண்டு நாளுக்கு விழாது. ஆணிச் சப்பாத்து என்பது பேச்சிலேயே இல்லை.

அவர் அரச விழாவைத் தெரிந்தார். அது சரியான தெரிவு என்றே இன்றும் நினைக்கிறேன். நால்வரில் ஒரு சிறுமி வலயத்தையும் மாகாணத்தையும் தாண்டித் தேசிய மட்டத்துக்குப் போனாள். 3,000 மீற்றரில் இரவல் சப்பாத்தோடு ஓடி நான்காவதாக வந்தாள். செயற்கை ஓடுபாதையை அவள் மிதித்தது அன்றுதான் முதல் முறை.

நான்காம் இடத்துக்குப் பதக்கமில்லை. இலங்கையில் தேசிய மட்டச் சான்றிதழ் வெறும் தாளன்று. வேறு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு இடம் கேட்கும்போது அது பேசும். கல்வி தவிர்ந்த துறைகளில் திறமை காட்டியோருக்குப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் சிறப்பு அனுமதியில் அது பேசும். முப்படையின் விளையாட்டு அணிகளில் சேரும்போதும் அது பேசும். அவளோடு ஓடி முந்திய மூவரும் அதே ஆண்டில் டாபட் போட்டியிலும் ஓடியவர்கள். அவர்களுக்கு இரண்டு நாள் கிடைத்தது. இவளுக்கு ஒரு நாள். அடுத்த ஆண்டு சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள் என்று அந்த ஆசிரியர் பின்னர் சொன்னார்.

இதனால்தான் ஒரே போட்டி போதும், மற்றதை மூடிவிடலாம் என்று சொல்வோரோடு நான் உடன்படுவதில்லை. இரண்டாவது போட்டி என்பது இரண்டாவது வாய்ப்பு. தடுமலோடு ஓடிய பிள்ளைக்கும், ஓடுபாதையைக் கண்டு மிரண்ட பிள்ளைக்கும் அது தேவை. குறை, இரண்டு போட்டி இருப்பதில் இல்லை. இரண்டாவது வாய்ப்பு அதிகம் தேவைப்படும் பிள்ளைக்கே அது கிடைக்காமற் போவதில் இருக்கிறது.

இந்த மண்ணில் திறமை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் வெண்கலம் வென்று, மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்தை ஒப்புக்கொண்டதன் பின் 2009இல் வெள்ளிக்கு உயர்த்தப்பட்ட சுசந்திகா ஜயசிங்க இதே கேகாலை மாவட்டத்தில், வரக்காப்பொலைக்கு அண்மையில் உள்ள ஊரில் வறுமையில் வளர்ந்தவர். மலையகத் தமிழர்களுள் தலவாக்கலைப் பக்கத்து வேலு கிருஷாந்தினி மரதனிலும், இராணுவ அணிக்கு ஓடிய குமார் சண்முகேஸ்வரன் 5,000, 10,000 மீற்றரிலும் நாட்டின் முன்வரிசைக்கு வந்தனர். மூவரும் ஓடுபாதை இல்லாத ஊர்களிலிருந்து வந்தவர்கள்.

இங்கேதான் அந்த அமெரிக்க அணிக் கணக்கு நினைவுக்கு வருகிறது. எங்கள் தேசிய விளையாட்டு விழாவில் வளர்ந்தோருக்கு நகர்வல ஓட்டம் உண்டு. அதையே ஐவர் கணக்கோடு, மாகாண மட்டத்தில், பாடசாலை அணிகளுக்கென்று நடத்தினால் என்ன? செயற்கை ஓடுபாதை வேண்டாம், பாய்வதற்கு மெத்தை வேண்டாம், ஈட்டி வேண்டாம். ஒரு தோட்டத்துப் பாதை போதும். நூறு நிகழ்ச்சிகளுக்குப் பயிற்றுநர் வைத்திருக்கும் பெரிய பாடசாலையும், ஒரே மேட்டில் ஏறி இறங்கும் ஏழு பிள்ளைகளைக் கொண்ட சிறிய பாடசாலையும் அந்தக் கோட்டில் ஏறத்தாழச் சமமாக நிற்கும். மூன்றாம் நான்காம் பிள்ளைக்கும் அங்கே பெறுமதி உண்டு. போட்டியைத் தோட்டத்துக்கே கொண்டுவந்தால் பேருந்துக் கட்டணமும் மிச்சம்.

அதுவரை செய்யக்கூடியவை சில உள்ளன. இரண்டு போட்டிகளுக்கும் இடையே போதிய நாள் விடலாம். சுற்றறிக்கையைத் தமிழிலும், உரிய காலத்திலும் அனுப்பலாம். மாகாணத்தில் வென்ற பிள்ளைக்கு டாபட் போட்டியில் படிவமின்றியே இடம் கொடுக்கலாம். இவை ஒன்றுக்கும் பெரிய செலவில்லை.

கனடாவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவர்கள் ஊர்ப் பாடசாலைக்குக் கிண்ணங்களும் மேற்சட்டைகளும் வாங்கி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனந்தான். சப்பிரகமுவாவில் உங்களுக்கு அறிமுகமான தோட்டப் பாடசாலை ஒன்று இருந்தால், கிண்ணத்தை விட்டுவிடுங்கள். அங்கே மாலையில் பிள்ளைகளை ஓடவிடும் ஆசிரியர் யாரென்று விசாரித்து, நான்கு பிள்ளைகளும் ஒரு தாயும் கொழும்புக்கு வந்து இரண்டு நாள் தங்கித் திரும்ப என்ன செலவாகும் என்று அவரிடம் கேளுங்கள். தொகை உங்களை வியக்கவைக்கும், அவ்வளவு சிறியது.