‘அப்பா என்ன பண்றார்?’: எம்.பி.ஏ. முடித்த பிறகும் விடாத கேள்வி

போன மாதம் ஒரு மாலை, எங்கள் இரவுப் பாடசாலையில் சின்ன வயதில் படித்த பெண் ஒருத்தி வந்தாள். பி.காம். முடித்துவிட்டாள். கையில் ஒரு கல்லூரியின் வண்ணப் புத்தகம்.

“அக்கா, எம்.பி.ஏ. சேரலாமா?”

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் ஒரு எம்.பி.ஏ. இருக்கிறது. அதன் கடனை நானும் சேர்ந்து அடைத்திருக்கிறேன்.

2011இல் என் தம்பி சேர்ந்தான். அப்பாவுக்குச் செங்கல் சூளை, அம்மாவுக்கு நூறு நாள் வேலை. நான் அப்போது எம்.ஏ. சமூகவியல் முடித்திருந்தேன். “அக்கா படிச்ச படிப்பு சோறு போடாது, நீயாவது கம்பெனிக்குப் போற படிப்பு படி” என்று காலனியே சொன்னது. சென்னைக்கு வெளியே ஒரு சுயநிதிக் கல்லூரி. கல்விக்கடனில் 4 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்பது விதி. வங்கியில் கேட்டார்கள். மூன்று மாதம் அலைந்து கடன் வாங்கினோம். உதவித்தொகை தாமதமானபோது, பணம் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்றது கல்லூரி. அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போனது. அது திரும்பி வரவேயில்லை.

படிப்பில் அவன் சோடை இல்லை. கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த நிறுவனங்களின் எழுத்துத் தேர்வு, குழு விவாதம் எல்லாம் தாண்டுவான். நேர்காணலில் நின்றுவிடும். ஒருமுறை அல்ல, ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் என்ன கேட்டார்கள் என்று நான் விசாரிப்பேன். நிதி பற்றி ஒரு கேள்வி, சந்தை பற்றி ஒரு கேள்வி. பிறகு, “சொந்த ஊர் எது? ஊர்லயா, பக்கத்துலயா? அப்பா என்ன பண்றார்? வீட்ல இதுக்கு முன்னாடி யாராவது கம்பெனி வேலையில இருக்காங்களா?”

தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை. அது பெரியார் இயக்கம் தந்த பெருமை, மறுக்கவில்லை. ஆனால் பெயரில் கிடைக்காததைத் தெருவில் தேடுகிறார்கள். ‘செங்கல் சூளை’ என்று அவன் சொன்னதும் எதிரே இருப்பவரின் பேனா நின்றுவிடும் என்பான் தம்பி. அதன் பிறகு வரும் கேள்விகள் எல்லாம் மரியாதைக்காகக் கேட்பவை.

அவன் மிகைப்படுத்துகிறான் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகுதான் 2007இல் வந்த இரண்டு ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைச் சாதி இந்துப் பெயரிலும் தலித் பெயரிலும் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். அழைப்பு வருவதற்கான வாய்ப்பு, தலித் பெயருக்கு மற்றதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களிடமே பேசினார்கள். “நாங்கள் சாதி பார்ப்பதில்லை, திறமைதான்” என்றவர்கள், அதே மூச்சில் “குடும்பப் பின்னணி முக்கியம்” என்றார்கள். நல்ல குடும்பம் என்றால் நல்ல குணம், நல்ல பழக்கம் என்பது அவர்கள் விளக்கம். என் தம்பியிடம் அப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு அர்த்தம் இதுதான்.

அந்த மனிதவள மேலாளர்கள் வேறு யாரும் அல்லர். இப்படிப்பட்ட மேலாளர்களில் பலர் எம்.பி.ஏ. படித்தவர்கள்.

ஒரே வீட்டில், ஒரே விளக்கின் கீழ், நான் அம்பேத்கரையும் எம்.என்.சீனிவாசையும் படித்தேன், தம்பி மனிதவள மேலாண்மை படித்தான். அவன் பாடநூல்களை நான் புரட்டியிருக்கிறேன். ஆளெடுப்பது எப்படி, ஊக்குவிப்பது எப்படி, தகராறைத் தீர்ப்பது எப்படி என்று எல்லாம் இருந்தது. இந்தியாவில் மனிதர்களை நிர்வகிக்கக் கற்றுத்தரும் அந்த நூல்களில் சாதிக்கு ஒரு பாடம்கூட இல்லை.

உச்சியிலும் இதே கதைதான். ஐஐஎம்களில் மாணவர் சேர்க்கையில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் உண்டு. ஆசிரியர் பணிகளில் இட ஒதுக்கீட்டை உறுதிசெய்ய 2019இல் சட்டம் வந்தது. சில மாதங்களிலேயே, தங்களுக்கு விலக்கு வேண்டும் என்று ஐஐஎம்கள் ஒன்றிய அரசிடம் கேட்டன. நம் பிள்ளைகள் வகுப்பில் உட்காரலாம், வகுப்பு எடுக்கக் கூடாதாம். 2012இல் வெளியான ஓர் ஆய்வு நாட்டின் 1,000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைப் பார்த்தது. 90 விழுக்காட்டுக்கும் மேல் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 விழுக்காடு.

தம்பிக்குக் கடைசியில் கிடைத்த வேலை மைக்ரோ பைனான்ஸில். காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு காலனி காலனியாகப் போய் மகளிர் குழுக்களிடம் வாரத் தவணை வசூலிப்பது. “எம்.பி.ஏ. படிச்சு நம்ம அம்மா மாதிரி பொம்பளைங்ககிட்ட கடன் வசூல் பண்றேன்க்கா” என்று ஒருநாள் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனான். அந்தத் தட்டு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அப்படியானால் அந்தப் பெண்ணிடம் வேண்டாம் என்று சொல்வதா? அதைச் சொல்லத்தான் ஊரே இருக்கிறதே.

சேர் என்றேன். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு சேர். டான்செட் எழுது, கலந்தாய்வில் இடம் எடு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடையாது. 2018 முதல் இதுதான் நிலை. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வருமானச் சான்றை இப்போதே வாங்கு. வண்ணப் புத்தகத்தை நம்பாதே. போன வருடம் முடித்தவர்களைத் தேடிப் பிடித்து, என்ன வேலை, என்ன சம்பளம், இன்னும் அங்கே இருக்கிறார்களா என்று கேள். வங்கியில் பிணை கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்.

நேர்காணல் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. தம்பிக்கு போன் போட்டுக் கொடுத்தேன். அவன் இப்போது கிளை மேலாளர். சென்ற ஆண்டு முதல்முறையாக ஆளெடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். பக்கத்திலிருந்தவர் ஒரு பையனிடம், “அப்பா என்ன பண்றார்?” என்று கேட்டிருக்கிறார். “சார், அது இந்த வேலைக்குத் தேவையில்லை, அடுத்த கேள்விக்குப் போகலாம்” என்றானாம் தம்பி. அதைத்தான் அவளிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு தம்பி உட்கார்ந்தால் மேசை மாறிவிடாது என்பது எனக்குத் தெரியும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட நிறுவனங்களில் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்கிறது. சாதிக்கு அப்படி ஒரு வரி இல்லை. தனியார் துறையில் இட ஒதுக்கீடு வேண்டும். அதற்கு முதற்படியாக, யாரை எடுத்தோம், யாரை விட்டோம் என்ற கணக்கையாவது நிறுவனங்கள் வெளியிட வேண்டும். மேலாண்மைப் பாடத்தில் சாதி ஒரு பாடமாக வேண்டும். இதையெல்லாம் கேட்காமல் நம் பிள்ளைகளிடம் ‘திறமையை வளர்த்துக்கொள்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது மோசடி.

அவள் டான்செட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். அவளுடைய அப்பா பறை அடிப்பவர். நேர்காணலில் கேட்டால் தலை நிமிர்ந்து அதைச் சொல்வேன் என்கிறாள். சொல்லட்டும். அவள் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு: அது உங்களுக்கு எதற்கு?